நாலாம் மாடியில் பேச்சு நின்ற ஆறு வாரம்

பள்ளியின் ஸ்டாஃப் பஸ், ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் ரோலாவுக்குக் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். ஐந்தரைக்கே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்து நாலாம் மாடிக்குப் படியேறிவிடுவேன். லிஃப்ட் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் மேல் மாடிகளின் பேச்சிலர் ரூம்களிலிருந்து டியூட்டிக்கு இறங்குகிறவர்கள் அதை நிரப்பிவிடுவார்கள். எண்ணெயும் ஷேவிங் க்ரீமும் கலந்த வாசனையோடு கதவு திறக்கும், "பாபி, வாங்க, இடம் இருக்கு" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு யாராவது சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அவர்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்று படியில் ஏறுவதாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் குழந்தை விழித்துவிடுவாளோ என்ற பயம்தான். விழித்தால் அழுவாள். அவள் அழுதால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடாது.

நாலாம் மாடியில் ஓர் அக்கா இருந்தார். குமரிக் கடற்கரை ஊர்க்காரர். கணவர் ஏசி டெக்னீஷியன். அக்கா ஊரில் நர்ஸிங் படித்து ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இங்கே லைசென்ஸ் பரீட்சை இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. அதன் பிறகு வேலைக்குப் போகிற அம்மாக்களின் குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். என் மகளோடு சேர்த்து ஐந்து பேர். கதவைத் திறந்ததும் இரண்டு கைகளையும் நீட்டி, தூங்குகிறவளை வாங்கிக்கொள்வார்.

"பைய குடுங்க டீச்சரே. மண்டை இடிக்கப் போவுது."

டீச்சரே என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. நான் டீச்சர் இல்லை. துபாயில் அமெரிக்கப் பாடத்திட்டம் சொல்லித்தரும் ஒரு பள்ளியில், சின்னக் குழந்தைகள் வகுப்பில் உதவியாளர். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டு வருடம் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இந்தப் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு அடுத்த கட்டம், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது. படிப்பு எல்லாம் இரண்டாம் பக்கத்தில். இரண்டாம் பக்கம் வரை யார் புரட்டினார்களோ தெரியாது. நாங்கள் உதவியாளர்கள் எல்லோரும் இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ். எங்களுக்கு நீல டி-ஷர்ட். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்றால் ஆசிரியர், சொந்த உடை.

என் வகுப்பாசிரியை ஓர் அமெரிக்கப் பெண். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து வந்த கறுப்பினப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நிறத்தில் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் நான்தான் ஒரு படி வெளுப்பு. பள்ளி திறந்த முதல் நாள், ஒரு தாய் தன் பிள்ளையின் சாப்பாட்டுப் பையை அவர் கையில் திணித்து, காலையில் இவன் ஒன்றும் சாப்பிடவில்லை, உள்ளே டீச்சரிடம் சொல்லிவிடு என்றார். "சொல்லிவிடுகிறேன்" என்றார் இவர், அமைதியாக. பையை மாட்டிவிட்டு வகுப்பின் நடுவே போய் நின்று, வரவேற்பு உரையைத் தொடங்கினார். அந்தத் தாயின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். வெளியே போகும்போது மூன்று முறை மன்னிப்புக் கேட்டார்.

அன்று மதியம் கிரேயான் பெட்டிகளை அடுக்கும்போது வகுப்பாசிரியையிடம் கேட்டுவிட்டேன், கோபம் வரவில்லையா என்று. எல்லாம் ஆங்கிலத்தில்தான், நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"எங்கள் ஊரில் தோலைப் பார்த்தால் அதோடு முடிந்தது. இங்கே தோலைப் பார்த்த பிறகு பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கிறார்கள். எனக்கு இது முன்னேற்றம்" என்று சிரித்தார். பிறகு என் டி-ஷர்ட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "உனக்கு யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், இல்லையா?"

நான் அடுத்த கிரேயான் பெட்டியை எடுத்தேன். ஆமாம் என்றால் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயம். அப்போது எனக்கு அது இரண்டாம் வருடம்.

நாங்கள் நெருங்கினோம் என்று சொல்லலாமா? பஸ் வரும் வரை பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். அவருடைய அம்மா அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தவர். வகுப்பாசிரியை படித்ததும் பிறகு பாடம் நடத்தியதும் ஒரே பேட்டையில். அங்கே வீடுகளின் விலை எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் பள்ளிக்குப் பணம் வருமாம். வீடுகள் மலிவு, அதனால் பள்ளியும் மலிவு. வகுப்புக்குத் தாளும் பென்சிலும் தன் சம்பளத்தில் வாங்குவாராம். சனி, ஞாயிறுகளில் ஒரு கடையில் துணி மடித்திருக்கிறார். அமெரிக்காவில் டீச்சர் துணி மடிப்பாரா என்று நான் வாயைப் பிளந்தேன். அமெரிக்கா என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் உறவில் போனவர்கள் வாட்ஸ்அப்பில் வைக்கும் பனியும் காரும்தான். அங்கேயும் ஒரு ரோலா இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கதை நேரம். ஒரு நாள் வகுப்பாசிரியைக்குத் தொண்டை கட்டியிருந்தது. புத்தகத்தை என்னிடம் நீட்டினார். வாலைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு பல்லியின் கதை. நான் வாசித்தேன். பல்லிக்கு ஒரு குரல், அது விசாரிக்கும் எறும்புக்கு ஒரு குரல். பிள்ளைகள் பாயில் நகர்ந்து நகர்ந்து என் முழங்கால் வரை வந்துவிட்டார்கள். அதன் பிறகு வகுப்பாசிரியைக்குத் தொண்டை சரியான பின்னும் கதை நேரம் எனக்கே என்றானது. அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் அந்த வருடம் நான் காலையில் எழுந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

நான்கு மாதம். பிறகு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். பூர்வீகம் பம்பாய், பாஸ்போர்ட் கனடா. பண்பானவர், ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. ஒரு பெற்றோர் அனுப்பிய வீடியோவைத் தன் ஃபோனில் காட்டினார். எங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வெளிர் முடிக்காரி, சோபாவில் நின்று பல்லிக் கதையைச் சொல்கிறாள். நான் தலையை ஆட்டுகிறபடி ஆட்டுகிறாள். நான் எழுத்துகளை அழுத்துகிறபடி அழுத்துகிறாள். கேமராவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்.

"உங்கள் மேல் தவறில்லை. பெற்றோரின் எதிர்பார்ப்பு வேறு. இனி உதவியாளர்கள் சத்தமாக வாசிக்க வேண்டாம். பாடல்களிலும் கொஞ்சம் பின்னால் நின்றுகொள்ளுங்கள்."

"சாரி மேடம்" என்றேன். ஒரு தரம் போதும். இரண்டு தரம் சொன்னேன். அந்த வீடியோவை இன்னொரு முறை பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவு அழகாகச் சொன்னாள் அந்தப் பெண். கேட்கத் துணிவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாகுமெண்ட் கண்ட்ரோலர். காலையில் போனால் இரவு எட்டுக்கு வருவார், வரும்போதே கண் சொருகும். சொன்னால் "விடு, அவங்க காசு, அவங்க ஸ்கூல்" என்பார். அது சரியும்தான்.

மூன்றாம் வருடம் தொடங்கியது. அந்த வருடத்துக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் நேரடியாக இடம். உதவியாளர்களுக்கு அப்படி இல்லை. மூன்றாம் வருடத்திலிருந்து, ஒரு பிள்ளைக்கு, சலுகைக் கட்டணத்தில். அதுவும் பிள்ளை அசெஸ்மெண்டில் தேறினால்தான். அசெஸ்மெண்ட் என்றால் பத்து நிமிடம்: ஒரு மேசை, சில பொம்மைகள், ஆங்கிலத்தில் பேச்சு. சலுகை இல்லாமல் அந்தப் பள்ளியின் கேட்டைத் தாண்ட எங்கள் இருவர் சம்பளமும் போதாது. என் மகளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. அவள் அந்தப் பள்ளியில் படித்தால், எந்த நாட்டில் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் இருந்தாலும் அவள் குரலை யாரும் வீடியோ எடுத்து அனுப்ப மாட்டார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். வேறு எதையும் அப்போது நினைக்கவில்லை.

ஆனால் மகள் பேசியது அக்காவின் தமிழ். பேசியது என்றால், வாய் ஓயாமல். "எனக்க செருப்பு எங்க?" "அம்மை, வெள்ளம் தா." "இப்பம் போவாண்டாம்." என் மாமியார் வீடியோ காலில் கேட்டுவிட்டு, "எந்த ஊர்ப் பிள்ளடி இது?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். அசெஸ்மெண்ட் தேதி வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டால் தமிழில்தான் பதில் வந்தது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை நான் சொல்லிக்கொடுப்பது, பகல் முழுக்க மாடியில் கேட்பதற்கு முன்னால் எம்மாத்திரம்?

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன். கேக் வாங்கிப் போனதே, நான் சொல்லப்போவது சரியில்லை என்று எனக்கே தெரிந்திருந்ததால்தான். அக்கா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் மகள் அவர் முதுகில் சாய்ந்து ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்பம் தப்பான விஷயமாட்டுதான் இருக்கும். சொல்லுங்க டீச்சரே."

"இவளுக்கு அசெஸ்மெண்ட் வருது. இங்கிலீஷ்ல பேசணும். அதனால கொஞ்ச நாளைக்கு இவகிட்ட தமிழ் பேச வேண்டாமேன்னு..."

"தமிழ் பேசாண்டாமா? பின்ன எதுல பேச? எனக்க இங்கிலீசு ஆஸ்பத்திரி இங்கிலீசு. டீப் பிரீத் எடு, கைய நீட்டு, சின்ன ஊசிதான். அதப் பறஞ்சா பிள்ள வீட்ட விட்டு ஓடிரும்."

நான் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இங்கிலீஷும் வேண்டாம்கா. உச்சரிப்பு ஒட்டிக்கும். டிவில கார்ட்டூன் போட்டு விட்டுடுங்க, போதும்."

அக்காவின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வெங்காயத்தைப் பார்த்தார்.

"அப்பம் நான் இவகிட்ட வாயத் தொறக்காண்டாம்."

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"அப்படித்தான். சரி, கேட்டாச்சு." கேக் பெட்டியைப் பார்த்தார். "இத மத்த பிள்ளைகளுக்கும் குடுக்கலாமா, இல்ல அதுக்கும் ரூல் உண்டா?"

"உங்கள் மேல் தவறில்லை" என்று நானும் சொன்னேனா என்று இப்போது எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லியிருப்பேன். ஏதாவது அப்படித்தான் சொல்லியிருப்பேன். மேற்பார்வையாளரின் அறையில் நான் நின்றது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லவே இல்லை என்பதுதான் என்னால் நம்ப முடியாதது.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆறு வாரம். மற்ற நான்கு குழந்தைகளிடமும் பேசுவார், திட்டுவார், கொஞ்சுவார். என் மகளிடம் மட்டும் கை. தண்ணீர் வேண்டுமா என்றால் அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு. சாப்பாட்டுக்கு ஒரு கைதட்டல். தூங்க, கன்னத்தில் உள்ளங்கை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் பார்த்ததெல்லாம் அழைத்துவர மாடிக்குப் போகும்போது மகள் டிவி முன்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்ததுதான். மற்ற பிள்ளைகள் அக்காவைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் இப்படி ஒதுங்கி ஒழுங்காக இருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கார்ட்டூனிலிருந்து சில ஆங்கிலச் சொற்களும் வந்தன. அவற்றை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

வீட்டிலும் பேச்சு குறைந்தது. ஒரு சாயங்காலம் என் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டினாள். விளையாட்டு என்று நானும் அவள் மணிக்கட்டில் தட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தானே எடுத்தாள். பரவாயில்லையே, தானாகவே எடுத்துக் குடிக்கிறாளே என்றுதான் நினைத்தேன்.

கணவர்தான் முதலில் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"பாப்பா அமைதியாயிட்டா, கவனிச்சியா? முன்னாடி சோறு இறங்காம பேசுவா."

"நல்லதுதானே? இல்ல நல்லது இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சைல்டு எக்ஸ்பர்ட்."

"கவலையா இருக்குங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"போன மாசம் ரொம்பப் பேசுறான்னு கவலைப்பட்ட. இப்ப பேசலன்னு கவலைப்படுற. கவலைக்கு ஒரு நாளாவது லீவு விடு, அதுவும் டயர்டா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அசெஸ்மெண்டுக்கு அப்போது ஒன்பது நாள்தான் இருந்தது.

அசெஸ்மெண்ட் நடந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த அறையில். முந்தின நாள் அந்த மேசையைத் துடைத்து, பொம்மைகளை அடுக்கியது நான்தான். பிளாஸ்டிக் பழங்கள், ஒரு மஞ்சள் பஸ், ஒரு துணி பொம்மை. மேசைக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர், பக்கத்தில் என் வகுப்பாசிரியை. ஆசிரியர்கள் முறை வைத்து அதில் உட்காருவார்கள், அன்று அவர் முறை. பெற்றோர் மூலையில் உட்காரலாம், பேசக் கூடாது, குறிப்புக் காட்டக் கூடாது. நீல டி-ஷர்ட்டை மாற்றிவிட்டு, சுடிதாரில் மூலையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பெற்றோர்.

"இது என்ன நிறம்?" மகள் மஞ்சள் பஸ்ஸைப் பார்த்தாள். "பஸ் எங்கே போகிறது?" பஸ்ஸைப் பார்த்தாள். "பொம்மைக்குப் பசிக்கிறது, என்ன கொடுக்கலாம்?" ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பொம்மையின் பக்கத்தில் வைத்தாள், சரியாக. வாய் திறக்கவில்லை. மேற்பார்வையாளர் பொறுமையாகத்தான் இருந்தார். "அவசரமில்லை, அவசரமில்லை" என்றார்.

பிறகு மகள் கை நீட்டி, வகுப்பாசிரியையின் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டினாள்.

வகுப்பாசிரியை புன்னகைத்து, அவள் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டினார். நானும் அதையேதான் செய்திருந்தேன். மகள் மறுபடி தட்டினாள், கொஞ்சம் அழுத்தி. அவள் உதடுகள் காய்ந்திருந்ததை மூலையிலிருந்தே பார்த்தேன். நாற்காலி, மேசை, பாட்டில், எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தது. அவள் தண்ணீர் கேட்கிறாள். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பெற்றோர் பேசக் கூடாது. பேசினால் அசெஸ்மெண்ட் செல்லாது. நான் பேசவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம். மகள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு எதையும் தொடவில்லை. கடைசியில் வகுப்பாசிரியைதான், ஏதோ தோன்றி, மேசையில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் படிவம் வந்தது. இந்த ஆண்டு சேர்க்கைக்குப் பரிந்துரைக்கவில்லை. பேச்சு வளர்ச்சி குறித்து மருத்துவரைப் பார்க்கவும். பணியில் தொடர்ந்தால் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். கீழே இரண்டு கையெழுத்து.

மதியம் வராந்தாவில் வகுப்பாசிரியை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இரண்டாவது கையெழுத்து என்னுடையது. பார்த்தாய்தானே?"

"பார்த்தேன்."

"அவள் பேசியிருந்தால் எந்த உச்சரிப்பில் பேசியிருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன். பேசாத பிள்ளைக்கு எதை வைத்துச் சண்டை போடுவது?" பிறகு கேட்டார். "பகலில் அவளோடு யார் பேசுகிறார்கள்?"

சொல்லிவிட்டேன். அக்காவிடம் நான் போனது, கேக், டிவி, எல்லாம். சொல்லி முடிக்கும்போது அவர் சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார்.

"என் அம்மா என்னை இரண்டு குரல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்று ஃபோனில் வேலை கேட்க, இன்னொன்று எங்கள் சமையலறைக்கு. ஃபோன் குரலில் எல்லா இடத்திலும் வேலை கிடைக்கும். நேரில் போனால் அந்த இடம் அப்போதுதான் நிரம்பியிருக்கும். ஆனாலும் சமையலறைக் குரலை அவள் பிடுங்கவில்லை." அதற்குள் பஸ் டியூட்டி மணி அடித்தது. "டாக்டரிடம் போவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போ" என்றுவிட்டு நடந்தார். அவருக்குக் கோபம்தான். நியாயமான கோபம்.

நாலாம் மாடிக்குப் போனேன். இந்த முறை கையில் எதுவும் இல்லை. அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே, "கிடைக்கல்லியா?" என்றார்.

"இல்லக்கா. அவ வாயே தொறக்கல."

"நான் ஒரு வார்த்த பறையல்ல கேட்டியளா. நீங்க சொன்ன டியூட்டிய ஒழுங்காட்டு செய்தேன். எனக்க பேச்சு ஒண்ணும் இவ மேல ஒட்டல்ல." சொல்லிக்கொண்டே வந்தவர் குரல் உடைந்தது. "முதல் வாரம் எனக்க பின்னாலயே நடந்தா. மூஞ்சிய மூஞ்சிய பாத்தா. நான் ஏன் கோவமாட்டு இருக்கேன்னு அவளுக்கு மனசிலாவல்ல. பிறவு விட்டுட்டா. பிள்ளைகளுக்கு விடத் தெரியும்."

நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பல்லிக் கதை, வீடியோ, மேற்பார்வையாளரின் அறை, நான் இரண்டு தரம் சாரி சொன்னது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எரிச்சலான சிரிப்பு.

"அப்பம் ஒங்களுக்கு மேல ஒருத்தி ஒங்க வாய மூடச் சொன்னா. நீங்க ரெண்டு மாடி ஏறி வந்து எனக்க வாய மூடச் சொன்னிய. நான் யாருக்கு சொல்ல? இந்த ஃப்ரிட்ஜுக்கா? அதுவும் ராவும் பகலும் கத்திட்டுதான் கிடக்கு."

நானும் சிரித்தேன், அழுதேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. சமையலறைக் கதவருகே நின்ற மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பம் பேசலாமா? ஆர்டர் உண்டா டீச்சரே?"

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்பு கிடக்கட்டு. ஒரு நாள்ல வராது பாத்துக்கிடுங்க. எனக்கும் இவகிட்ட வாயத் தொறக்க பழகணும்." மகள் பக்கம் திரும்பினார். "மக்களே, வெள்ளம் குடிக்கியா?"

மகள் தலையை ஆட்டினாள். பதில் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. டாக்டருக்கும் நாள் குறித்தேன், பிறகு அது தேவைதானா என்று யோசித்தேன், ரத்து செய்யவுமில்லை. இந்தியப் பள்ளி ஒன்றில் மத்தியான ஷிஃப்டில் இடம் இருக்கிறதென்று கணவர் விசாரித்து வந்தார். பணம் கட்டினோம். அது நல்ல பள்ளிதான். ஒரு வகுப்பில் நிறையப் பிள்ளைகள், ஆனால் நல்ல பள்ளிதான் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். பள்ளிக்கு முன்னும் பின்னும் நாலாம் மாடி.

பத்து நாள் போயிருக்கும். வழக்கம்போல ஐந்தரைக்கு மகளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். கீழே வந்த பிறகுதான் தண்ணீர் பாட்டில் என் பையிலேயே இருப்பதைப் பார்த்தேன். மறுபடி நாலு மாடி. அழைப்பு மணியை அழுத்தப் போனவள், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நின்றேன்.

"எனக்க அம்மைக்க பஸ்ஸு போயாச்சா?"

"இன்னும் போவல்ல. கீழ நிக்கும்."

"அம்மை பஸ்ஸுல பேசுமா?"

"பேசும், பேசும். ஒனக்க அம்மை ஸ்கூல்லதான் பேசாது. பஸ்ஸுல பேசும்."

"ஏன் ஸ்கூல்ல பேசாது?"

"அது ஒரு ரூலு மக்களே. கோட்டி ரூலு. நீ பால குடி."

"எனக்கு பாலு வேண்டாம். நேத்து அவன் எனக்க பொம்மைய எடுத்தான், நான் தரமாட்டேன்னு சொன்னேன், அவன் சிரிச்சான், அப்பம் நான்..."

நிற்கவில்லை. மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தது. அவன் யார், எந்தப் பொம்மை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மணியை அழுத்தினால் பேச்சு நின்றுவிடும். பாட்டிலைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தேன். கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. டிரைவர் மூன்றாவது ஹார்ன் அடிக்க மாட்டார். எனக்குத் தெரியும்.

துபாய்க்குப் பொதுப் பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம். பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். நீல டி-ஷர்ட்டைச் சரிசெய்துகொண்டு, பின்னால் போய் நின்றுகொண்டேன். மேற்பார்வையாளர் வாசலில் வந்து, கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டி, என்ன என்று பார்வையால் கேட்டார்.

"ஷார்ஜா டிராஃபிக் மேடம்" என்றேன். அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. மூன்று முறை தாமதமானால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கோப்பில் எழுதுவார்கள். எனக்கு இது முதல் முறை.